மாதம் 250 டாலர், முதல் ஆட்டம் தோல்வி

பயிற்சியளித்த அனுபவம் கிடையாது. வயது 22. முழங்காலில் அறுவை சிகிச்சைத் தழும்பு. இப்படித்தான் தொடங்கினார், பெண்கள் கூடைப்பந்தின் போக்கையே மாற்றிய அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் பேட் சம்மிட். பெங்களூரின் வைட்ஃபீல்டில் விசிலோடு நிற்கும் இளம் கோச்சுகளுக்கும், மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் அவருடைய ஆரம்ப காலக் கதையில் விஷயம் இருக்கிறது.

காலை ஆறு மணி. வைட்ஃபீல்டின் சாலைகளைக் கம்பெனி பஸ்களும் தண்ணீர் லாரிகளும் இன்னும் அடைத்துக்கொள்ளவில்லை. அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சிமென்ட் தளத்தில் பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. சீருடையோ டிராக் சூட்டோ, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கும் பள்ளிப் பெண்கள் வரிசையாக ஓடிவந்து கூடையை நோக்கிப் பந்தை எறிகிறார்கள். கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கும் கலந்த கூச்சல். ஓரத்தில் விசிலும் கையுமாக ஓர் இளம் பெண் கோச்.

நகரின் கிழக்கு ஓரத்தில் இப்படிப்பட்ட மைதானங்கள் பெருகிவிட்டன. ஆனால் சிக்கல் தொடங்குவது பிறகுதான். எட்டாம் வகுப்பில் நீளமாக இருக்கும் வரிசை, பத்தாம் வகுப்பில் மெலிகிறது. பிளஸ் டூவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லூரிக்குப் போன பிறகும் பந்தைத் தொடுபவள் அபூர்வம். "இதிலே என்ன எதிர்காலம்?" என்ற கேள்வி வீட்டில் எழும்போது பெண்ணிடம் பதில் இல்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு, மாலையில் வேறு இரண்டு இடங்களுக்கு ஓடும் கோச்சிடமும் பதில் இல்லை.

இதே கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலும் இருந்தது. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து என்றால் அன்று அங்கே அது பொழுதுபோக்கு. பார்க்க ஆள் கிடையாது, பணமும் கிடையாது. அந்த வெறும் தளத்தில் நின்று பதில் தேடியவர்தான் சம்மிட்.

வைக்கோல் பரணில் ஒரு கூடை

1952 ஜூன் 14 அன்று டென்னஸி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தவர் பட்ரீஷியா ஸூ ஹெட். பால் மாடும் புகையிலையும் வைத்துப் பிழைத்த விவசாயக் குடும்பம். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. விடிந்தால் தொழுவ வேலை, பள்ளி விட்டு வந்தால் வயல் வேலை. 'பெண் பிள்ளை' என்று சொல்லித் தந்தை ரிச்சர்ட் ஹெட் எந்த வேலையிலும் சலுகை காட்டவில்லை. டிராக்டர் ஓட்டுவதும் வைக்கோல் அடுக்குவதும் அண்ணன்களுக்கு எப்படியோ அப்படியே மகளுக்கும்.

வேலை முடிந்த இரவுகளில் வைக்கோல் பரணுக்கு ஏறுவார்கள். அங்கே தந்தை மாட்டிக் கொடுத்த ஒரு கூடை இருந்தது. அண்ணன்கள் மூவர், இரண்டு பேருக்கு இரண்டு பேர் என்று ஆட நான்காவது ஆள் வேண்டுமே. தங்கை அப்படித்தான் ஆட்டத்தில் சேர்ந்தாள். தன்னைவிட உயரமான, பலமான பையன்களின் முழங்கை இடிகளைத் தாங்கிக்கொண்டு ஆடிப் பழகியது அந்தப் பரணில்தான்.

உயர்நிலைப் பள்ளி வயது வந்தபோது ஒரு தடங்கல். அவர்கள் இருந்த பகுதியின் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணியே இல்லை. கறாரான அந்த விவசாயி அப்போது செய்ததைக் கேட்டால் நம் ஊர்ப் பெற்றோர் வியப்பார்கள். அணி இருக்கும் பள்ளியில் மகள் சேர வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்தின் ஹென்ரியெட்டா என்ற சிற்றூருக்கு மாற்றினார்.

கல்லூரி வந்தபோது இன்னொரு பாடம். அண்ணன்கள் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் படித்தவர்கள். தங்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனெனில் பெண்களுக்கு அப்படியொரு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மார்ட்டின் நகரில் உள்ள டென்னஸி பல்கலைக்கழகக் கிளையில் 1970இல் சேர்ந்த பேட்டுக்குப் பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். இந்த வித்தியாசத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1973இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார். 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாகச் சேர்க்கப்பட இருந்தது. கனவு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், 1974இன் தொடக்கத்தில், கடைசி ஆண்டு படிக்கையில் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்தில் அநேகமாக ஆட்டத்தையே முடித்துவிடக்கூடிய காயம். மகள் ஒலிம்பிக்குக்குப் போகப் போகிறாள், காலைச் சரிசெய்யுங்கள் என்று தந்தை மருத்துவரிடம் சொன்னதாகப் பேட் பின்னாளில் நினைவுகூர்வதுண்டு.

தானே டிரைவர், தானே சலவைக்காரர்

அதே 1974இல் நாக்ஸ்வில் நகரில் உள்ள டென்னஸி பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. முதுகலை படித்துக்கொண்டே வகுப்பெடுக்கலாம், பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் சீசன் தொடங்குவதற்கு முன்பே தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போக, பொறுப்பு முழுவதும் 22 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. அதுவரை ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூட அவர் பயிற்சியளித்ததில்லை. அணியின் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமும் இல்லை.

சம்பளம் மாதம் 250 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,000 ரூபாய். அதற்கு அவர் பார்த்த வேலைகளின் பட்டியல் நீளம்: உடற்கல்வி வகுப்பெடுப்பது, முதுகலைக்குப் படிப்பது, அணிக்குப் பயிற்சி தருவது, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுவது, ஆட்டம் முடிந்ததும் சீருடைகளைத் துவைப்பது. அந்தச் சீருடைகளும் பல்கலைக்கழகம் வாங்கித் தந்தவை அல்ல. முந்தைய ஆண்டு ஆட்டக்காரப் பெண்கள் டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. ஹோட்டலுக்குப் பணமில்லாத ஒரு பயணத்தில் எதிரணியின் உள்ளரங்கிலேயே பாய் விரித்துத் தூங்கிவிட்டு மறுநாள் அவர்களோடு மோதியிருக்கிறார்கள்.

முதல் தேர்வு முகாமில் அவர் கொடுத்த ஓட்டம் தாங்காமல் சில பெண்கள் கதவு வழியாக வெளியே ஓடியவர்கள் திரும்பி வரவேயில்லை. தான் ரொம்பக் கடுமையாக நடந்துகொண்டதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அனுபவமில்லாத கோச், தன் பயத்தை விசில் சத்தத்தில் மறைத்த காலம் அது.

1974 டிசம்பர் 7. முதல் ஆட்டம், எதிரே மெர்சர் பல்கலைக்கழகம். முடிவு 84-83. ஒரே புள்ளியில் தோல்வி. முதல் வெற்றிக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975 ஜனவரி 10 அன்று மிடில் டென்னஸி அணியை 69-32 என்று நொறுக்கினார்கள். சீசன் முடிவில் கணக்கு: 16 வெற்றி, 8 தோல்வி. மோசமில்லை. ஆனால் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாகவும் இல்லை.

ஒரு சட்டம், ஒரு பதக்கம்

சம்மிட்டின் எழுச்சியை அவருடைய உழைப்பை மட்டும் வைத்து விளக்கினால் பாதிக் கதைதான். மறுபாதி ஒரு சட்டம். 1972 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்வித் திருத்தங்களின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்றது. அதில் விளையாட்டு என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் பள்ளி, கல்லூரி மைதானங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. விதிமுறைகள் 1975இல் வெளிவந்தன. கல்லூரிகள் 1978க்குள் இணங்க வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. 1971-72இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் பங்கேற்ற மாணவிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல்.

பணமும் ஸ்காலர்ஷிப்பும் மெல்ல மெல்லத்தான் வந்தன. அவை வந்தபோது அவற்றைச் சரியாகப் பயன்படுத்தத் தயாராக ஒரு கோச் அங்கே இருந்தார் என்பதுதான் டென்னஸியின் அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் அவர் ஆடுவதையும் விடவில்லை. காலையில் தன் உடற்பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் அணி, இரவில் மீண்டும் தன் பயிற்சி. அறுந்து ஒட்டிய முழங்காலோடு அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்ததோடு, அதன் இரு கேப்டன்களில் ஒருவராகவும் 1976இல் மான்ட்ரியல் போனார். அசைக்க முடியாத சோவியத் அணிக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி. பதக்கத்தோடு கல்லூரிக்குத் திரும்பியவரின் சொல்லுக்கு இப்போது கனம் கூடியிருந்தது. 1976-77 சீசனில் 28 வெற்றி, 5 தோல்வி. அணி முதல்முறையாகத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது.

அரை மைதான ஆட்டம் ஒழிந்த கதை

அவருடைய ஆரம்ப காலச் சாதனைகளில் கோப்பையாக அலமாரியில் வைக்க முடியாத ஒன்று உண்டு. டென்னஸியின் பள்ளிகளில் பெண்கள் அப்போது ஆடியது வேறு வகைக் கூடைப்பந்து. அணிக்கு ஆறு பேர். மூவர் மைதானத்தின் ஒரு பாதியில் தாக்குவார்கள். மற்ற மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது.

விளைவு? தடுப்பு வரிசைப் பெண் பள்ளி முடிக்கும்வரை கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்கவே மாட்டாள். ஐவர் ஆட்டம் ஆடும் கல்லூரிகள் அவளை எப்படிச் சேர்க்கும்? ஸ்காலர்ஷிப் எப்படிக் கிடைக்கும்? தன் மாநிலத்துப் பெண்களையே சேர்க்க முடியாத நிலை சம்மிட்டுக்கு. முறையை மாற்றாவிட்டால் டென்னஸிப் பள்ளிகளிலிருந்து ஆட்டக்காரர்களை எடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். இதே விஷயத்தில் ஒரு பள்ளி மாணவி போட்ட வழக்கும் நீதிமன்றத்தில் இருந்தது. 1979இல் பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. இருபதுகளின் இறுதியில் இருந்த ஒரு கல்லூரி கோச் ஒரு மாநிலத்தின் ஆட்டத்தையே மாற்றியதில் பங்கு பெற்றார்.

ஏழு முறை வாசல் வரை

அதே 1979இல் அமெரிக்க தேசிய அணிக்குப் பயிற்சியாளராகி உலக சாம்பியன் பட்டத்தை வென்று தந்தார். ஆனால் சொந்தக் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 1980 இறுதிப் போட்டியில் ஓல்ட் டொமினியனிடம் தோல்வி. 1981 இறுதியில் லூசியானா டெக்கிடம் தோல்வி. 1982இல் பெண்கள் போட்டியை என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஏற்று நடத்திய முதல் ஆண்டிலும் அரை இறுதியில் அதே லூசியானா டெக்.

1984தான் விசித்திரமான ஆண்டு. ஏப்ரல் முதல் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த இறுதிப் போட்டியில் ஷெரில் மில்லர் என்ற அபார ஆட்டக்காரரைக் கொண்ட தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் தோற்றார் சம்மிட். நான்கே மாதம் கழித்து, அதே நகரில் நடந்த ஒலிம்பிக்கில் அதே மில்லர் சம்மிட்டின் அணியில். சோவியத் நாடும் அதன் நேச நாடுகளும் புறக்கணித்த அந்த ஒலிம்பிக்கின் இறுதியில் தென் கொரியாவை வென்று, அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். ஆட்டக்காரராக வெள்ளி, பயிற்சியாளராகத் தங்கம். இருந்தாலும் டென்னஸிக்கு? 1986இலும் அரை இறுதியோடு சரி.

ஏழு முறை கடைசி நான்குக்குப் போய் ஏழு முறையும் வெறுங்கையோடு திரும்பிய கோச்சைப் பற்றி என்ன பேசுவார்கள்? பெரிய ஆட்டத்தை ஜெயிக்கத் தெரியாதவர் என்றார்கள். நம் ஊராக இருந்தால் கோச்சை மாற்றியிருப்போம். டென்னஸி மாற்றவில்லை.

1987 மார்ச் 29, டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரம். எட்டாவது முயற்சி. எதிரே பழைய எதிரி லூசியானா டெக். 67-44. பொறுப்பேற்ற பதின்மூன்றாவது சீசனில் முதல் தேசியப் பட்டம். அணை உடைந்தது. 1989, 1991, பிறகு 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று, கடைசியாக 2007, 2008. மொத்தம் எட்டு. 1997-98 சீசனில் 39 ஆட்டம், 39 வெற்றி.

வகுப்பில் முதல் மூன்று வரிசை

கோப்பைகளைவிடப் பெற்றோரைக் கவர வேண்டிய கணக்கு வேறொன்று. சம்மிட்டின் ஆட்டக்காரர்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். காரணமில்லாமல் வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை. அவள் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் சரி. 38 ஆண்டுகளில் தன்னிடம் முழுக் காலமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் பெற்றாள் என்பதே அவர் அதிகம் பெருமைப்பட்ட சாதனை. படிப்பா, விளையாட்டா என்ற கேள்வியை அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை.

மாதம் 250 டாலரில் தொடங்கியவரின் ஆண்டு ஊதியம் 2006இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் அந்த எல்லையைத் தொட்ட முதல் ஆள் அவர். 2011இல், 59 வயதில், மறதி நோயான அல்ஸைமரின் ஆரம்ப நிலை தன்னைப் பிடித்திருப்பதை மறைக்காமல் அறிவித்தார். ஒரு சீசன் முழுக்க அந்த நோயோடு மைதான ஓரத்தில் நின்றுவிட்டு 2012இல் விலகினார். கணக்கு: 1,098 வெற்றி, 208 தோல்வி. தோல்விகள் மிகுந்த சீசன் ஒன்றுகூட இல்லை. 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் மறைந்தார். அவருடைய வெற்றி எண்ணிக்கையை 2020இல் ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் தாண்டினார். 2024இல் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா அதையும் தாண்டினார். சாதனைகள் தாண்டப்படும் அளவுக்கு அந்த ஆட்டம் வளர்ந்ததே சம்மிட் போன்றவர்கள் போட்ட அடித்தளத்தில்தான்.

கண்டீரவாவுக்கு ஒரு டிக்கெட்

இனி வைட்ஃபீல்டுக்குத் திரும்பலாம். 1880களில் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர்களின் விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் இது. இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கோட்டை. 2023இல் வந்த மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கலாம். அருகில்தான் ஸ்ரீ கண்டீரவா உள்விளையாட்டரங்கம்.

2017 ஜூலையில் அங்கேதான் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். பயிற்சியாளர் செர்பியாவின் ஜோரன் விசிச். அணியில் தமிழ்நாட்டின் அனிதா பால்துரையும் இருந்தார். 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். பதினெட்டு ஆண்டு நாட்டுக்கு ஆடியவர். தாயான பிறகும் திரும்பி வந்து ஆடியவர். தெற்கு ரயில்வே ஊழியர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இரண்டே ஆண்டு கழித்து, 2019இல், அதே அரங்கில் முதல் பிரிவுப் போட்டி. ஜப்பான் சாம்பியன். எட்டு அணிகளில் இந்தியா எட்டாவது. வெற்றி ஒரு நாள் வரும். நிலைப்பது வேறு விஷயம் என்பதை அந்த இரு முடிவுகளும் சொல்கின்றன.

நிலைக்க வேண்டுமானால் பத்தாம் வகுப்பில் உடைந்துபோகும் வரிசை உடையாமல் இருக்க வேண்டும். நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையே மண்டல, அகில இந்தியப் போட்டிகள் உண்டு. ஆடித் தேறியவர்களுக்கு ரயில்வே போன்ற இடங்களில் வேலையும் உண்டு. குறைவது நடுவில் நிற்கும் ஆள்: ஒரே கல்லூரியில், ஒரே அணியோடு, பத்துப் பதினைந்து ஆண்டு வேரூன்றி நிற்கக்கூடிய கோச். அதிலும் பெண் கோச். இன்று மூன்று மைதானங்களுக்கு ஓடும் ஒருவர் எந்த மைதானத்திலும் வேர்விட முடியாது.

சம்மிட்டின் கதையில் கடின உழைப்பு இருக்கிறது. ஆனால் அது எல்லா ஊரிலும் இருக்கிறது. அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை மூன்று. மகளுக்காக வீடு மாற்றிய ஒரு தந்தை. மைதானத்தில் பங்கு கேட்க வழிசெய்த ஒரு சட்டம். முதல் பட்டத்துக்குப் பதின்மூன்று சீசன் பொறுத்திருந்த ஒரு பல்கலைக்கழகம். இவற்றில் எதுவும் கோச்சின் கையில் இல்லை. பெற்றோர், அரசு, கல்லூரி நிர்வாகம் ஆகிய மூவரின் கையில்தான் இருக்கிறது.

ஏழரை மணி. வைட்ஃபீல்டில் வெயில் ஏறிவிட்டது. பள்ளி வேன் வரும் நேரம். பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, கோச் பந்துகளைப் பொறுக்கி வலைப் பையில் போட்டுக் கட்டுகிறார். அடுத்த மைதானத்துக்கு அரை மணி நேரப் பயணம். சாலை இதற்குள் அடைத்துக்கொண்டிருக்கும்.